முழுப் படத்தையும் போடுங்கள்: டயாலிசிஸ் பிரிவு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும் டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

எங்கள் பிரிவின் தொலைக்காட்சியில் இனி முழுநீளத் திரைப்படங்கள் கிடையாது என்று சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். நோய், மரணம், மருத்துவமனை, அழுகை இவையெல்லாம் வரும் படங்கள் நோயாளிகளின் மனதைப் பாதிக்கின்றனவாம். அதனால் அவற்றுக்குப் பதிலாக நம்பிக்கையூட்டும் காட்சிகளின் தொகுப்பு ஒன்று ஓடும் என்கிறது அந்தக் காகிதம். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. பிற்பகல் ஷிஃப்டில் என்னோடு டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோரும் ஏற்கவில்லை. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்காததால் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

அந்தத் தொகுப்பை உங்களில் யாராவது உட்கார்ந்து முழுதாகப் பார்த்தீர்களா? முக்கால் மணி நேரம் ஓடுகிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு டயாலிசிஸ் முடிவதற்குள் ஐந்து தடவை வந்துவிடும். மழையில் ஒருவன் இரு கைகளையும் விரித்து நிற்கிறான். ஒரு பையன் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறான். குத்துச்சண்டை மேடையில் ஒருவன் கையை உயர்த்துகிறான். சக்கர நாற்காலியில் ஒருவர் மலை உச்சியில் இருக்கிறார். எல்லாம் எங்கெங்கோ இருக்கிற படங்களின் உச்சக் காட்சிகள். அவற்றின் சொந்த ஒலியை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பியானோவைப் போட்டிருக்கிறார்கள். திரையின் அடியில் 'முயன்றால் முடியாதது இல்லை' என்ற தினுசில் வரிகள் ஓடுகின்றன. வேலை பார்க்கிற சிஸ்டர்களுக்கே அந்தப் பியானோ மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருவர் ஊசி குத்தும்போது அதைத் தன்னை அறியாமல் முனகிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு எட்டு மணி நேர வேலை.

இந்த முடிவுக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும், அன்று நான் இரண்டு படுக்கை தள்ளித்தான் இருந்தேன். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' ஓடிக்கொண்டிருந்தது. 1997இல் வந்த ஈரானியப் படம். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட ஒரு சின்னப் பையனைப் பற்றியது. வீட்டில் சொன்னால் அப்பாவிடம் காசில்லை என்பது இரண்டு குழந்தைகளுக்கும் தெரியும். அதனால் காலையில் தங்கை அண்ணனின் ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், மதியம் ஓட்டமாக வந்து கழற்றிக் கொடுக்கிறாள், அதை மாட்டிக்கொண்டு அவன் ஓடுகிறான். என் வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மகள் உள்ளே வந்தார். அம்மா அழுவதைக் கண்டதும் பதறிப்போய் தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னார், அப்புறம் உங்களிடம் புகாரும் கொடுத்தார். மகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் படத்தை அணைத்தபோது அந்தப் பெரியம்மா சொன்னதை உங்கள் அறைக்கு யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். "நல்லாத்தானே அழறேன், அதை ஏன் அணைக்கிறே?" என்றார். பத்துப் பேர் அதைக் காதால் கேட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் வரும் ஓட்டப் பந்தயம் உங்கள் தொகுப்பிலும் இருக்கிறது. பையன் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான், ஆசிரியர் அவனைத் தூக்குகிறார், பியானோ உச்சத்துக்குப் போகிறது, அடியில் 'வெற்றி உனதே' என்று எழுத்து வருகிறது. படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். அவனுக்கு முதல் பரிசு வேண்டாம். மூன்றாவது பரிசாக ஒரு ஜோடி ஷூ வைத்திருக்கிறார்கள், அதை வாங்கித் தங்கைக்குத் தரவேண்டும் என்றுதான் அவன் ஓடவே வந்தான். நெருக்கியடித்து ஓடியதில் முதலாவதாக வந்துவிட்டான். எல்லோரும் கொண்டாடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அவன் மட்டும் தலை நிமிராமல் அழுகிறான். வீட்டுக்குப் போய்த் தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் அப்பாவின் சைக்கிளில் புது ஷூ இருப்பதை நமக்கு மட்டும் காட்டிவிடுகிறார் இயக்குநர். பையனுக்கு அது தெரியாது. அவன் தன் கொப்புளம் பிடித்த கால்களைத் தொட்டித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், படம் முடிந்துவிடுகிறது.

அந்தப் படத்தின் நம்பிக்கை முழுவதும் அந்தச் சைக்கிளில் இருக்கிறது. நீங்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டதோ அந்தப் பையனின் தோல்வியை. அதைத்தான் எங்களுக்கு வெற்றி என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவை காட்டுகிறீர்கள்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் படுத்திருப்பது எப்படி என்பது வேறு விஷயம், அதைச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம், அங்கே இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றொன்றின் வழியே திரும்பி வரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் மெஷின் கத்தும், அது கத்தினால் சிஸ்டர் ஓடிவருவார், அவர் ஓடிவந்தால் நமக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கும். புத்தகத்தை ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் பிடிப்பது? போனும் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் முகத்தில் விழும். முதல் ஒரு மணி நேரத்தை எப்படியாவது தள்ளிவிடலாம். மூன்றாவது மணி நேரம்தான் கொடுமை. உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்க எடுக்கக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், சிலருக்கு பி.பி. சடாரென்று இறங்கும், கண் இருட்டும். கடிகாரம் நின்றுபோனது மாதிரி இருக்கும்.

இரண்டரை மணி நேரப் படம் ஒன்று அந்த மூன்றாவது மணி நேரத்தை எங்களுக்குத் தெரியாமலே கடத்திவிடும். அதற்கு ஒரு கதை வேண்டும், அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருக்க ஏதாவது வேண்டும். தொகுப்பில் காத்திருக்க ஒன்றுமில்லை. அடுத்து மழைக்காரன் வருவான், அவ்வளவுதான்.

அந்த மழைக்காரனைப் பற்றியும் சொல்லவேண்டும். அது 1994இல் வந்த 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. செய்யாத கொலைக்காகச் சிறைக்குப் போன ஆண்டி, ஒரு சின்னச் சுத்தியலால் வருடக்கணக்காகச் சுவரைக் குடைந்து, சாக்கடைக் குழாய்க்குள் தவழ்ந்து வெளியே வந்து விழுகிற இடம். காட்சி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் எங்களைப் போன்றவர்களை உலுக்குவது அந்த மழை இல்லை, புரூக்ஸ் என்கிற கிழவர். ஐம்பது வருடம் சிறையில் நூலகம் பார்த்துக்கொண்டிருந்தவரை வயதான காலத்தில் விடுதலை செய்துவிடுகிறார்கள். வெளியே கார்கள் அவர் நினைத்ததைவிட வேகமாகப் போகின்றன. தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தங்கியிருந்த அறையின் உத்தரத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுத் தூக்கில் தொங்குகிறார். பல வருடம் கழித்து ஆண்டியின் நண்பன் ரெட் விடுதலையாகி வரும்போது அவனுக்கும் அதே அறைதான் கிடைக்கிறது. அதே உத்தரத்தை அவனும் அண்ணாந்து பார்க்கிறான். இவனும் அதையே செய்துவிடுவானோ என்று நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவன் அதைச் செய்யாமல் பஸ் ஏறுகிறான்.

புரூக்ஸை வெட்டிவிட்டால் ரெட் பஸ் ஏறுவதில் என்ன இருக்கிறது? ஒரு ஆள் பஸ்ஸில் போகிறான், அவ்வளவுதான். உங்கள் சுற்றறிக்கைப்படி புரூக்ஸுக்கு அனுமதியில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டு மேல்படியை மட்டும் எங்கள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

நோயாளிகள் நோயைப் பற்றிய படம் பார்த்தால் சோர்ந்துபோவார்கள் என்பது உங்கள் அச்சம். சரி, அதற்கு எங்கள் பிரிவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். தடை வருவதற்கு முன்பு ஒரு முறை அகிரா குரோசவாவின் 'இகிரு' போட்டோம். 1952இல் வந்த ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படம். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கோப்புகளில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் வதனபே என்கிற அதிகாரிக்கு வயிற்றில் புற்றுநோய். டாக்டர் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. லேசான புண்தான், ஆபரேஷன் தேவையில்லை, விரும்பியதைச் சாப்பிடலாம் என்கிறார். ஆனால் வெளியே காத்திருக்கும் இடத்தில் இன்னொரு நோயாளி பேச்சுவாக்கில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்: லேசான புண் என்று சொன்னால் அது புற்றுநோய் என்று அர்த்தம், விரும்பியதைச் சாப்பிடலாம் என்றால் நாள் எண்ண ஆரம்பிக்கலாம். டாக்டர் அதையே வரிசையாகச் சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் மாறிக்கொண்டே போகிறது.

அந்த இடத்தில் எங்கள் பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். நிஜமாகவே விழுந்து விழுந்து சிரித்தார்கள். காத்திருப்பு நாற்காலியில் கிடைக்கிற தகவல் டாக்டரின் அறையில் கிடைப்பதைவிட முன்னால் வந்துவிடும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? சாக்கடை தேங்கிய இடத்தைச் சரிசெய்யச் சொல்லிப் பெண்கள் சிலர் அந்த நகராட்சியில் ஒவ்வொரு பிரிவாக அலைக்கழிக்கப்படுகிற காட்சி வந்தபோது, எதிர்ப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், "இது எங்க ஆபீஸ்தான்" என்று உரக்கச் சொன்னார்.

வதனபே முதலில் குடித்துப் பார்க்கிறார், ஊர் சுற்றிப் பார்க்கிறார், எதுவும் ஆறுதல் தரவில்லை. அலுவலகத்தை விட்டுப் போய் பொம்மைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம்பெண், தான் செய்கிற முயல் பொம்மையைக் காட்டி, இதைச் செய்யும்போது நாட்டிலிருக்கிற எல்லாக் குழந்தைகளோடும் விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். அங்கேதான் அவருக்குப் பொறி தட்டுகிறது. அந்தச் சாக்கடை இடத்தைக் குழந்தைகள் பூங்காவாக்க முடியும் என்று எழுந்து ஓடுகிறார். அடுத்த காட்சியிலேயே அவர் இறந்துவிட்டார். படத்தில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது! மீதி முழுக்க அவருடைய துக்க வீட்டில் சக ஊழியர்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டே, பூங்கா யாரால் வந்தது என்று சண்டை போடுகிறார்கள். அவர் எப்படி ஒவ்வொரு மேஜையாக நின்று கெஞ்சினார் என்பது அப்போதுதான் துண்டு துண்டாக நமக்குத் தெரியவருகிறது.

அன்று எதிர்ப் படுக்கைக்காரருக்கு நேரம் முடிந்துவிட்டது. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, ரத்தம் நின்றதும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கமாகக் கட்டுப் போட்டதும் எங்களில் யாரும் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டோம். அவரோ துணைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் வந்து கூப்பிட்டார், போன் அடித்தது, அவர் அசையவில்லை. பனியில் ஊஞ்சலாடியபடி வதனபே பாடுகிற இடமும் முடிந்து, இனி நாமும் அவரைப் போல உழைப்போம் என்று துக்க வீட்டில் அழுது சபதம் செய்த ஊழியர்கள் மறுநாள் அலுவலகத்தில் வழக்கம்போலக் கோப்பைத் தள்ளிவிடுகிற இடமும் முடிந்த பிறகுதான் எழுந்தார். அடுத்த முறை வந்தபோது ஷிஃப்ட் முழுக்க அதே பேச்சு. அந்த ஊழியர்கள் திருந்தவில்லையே, அப்படியென்றால் அந்த ஆள் செய்ததற்கு என்ன பலன் என்று ஒருவர் கேட்டார். பூங்கா இருக்கிறதே என்றார் இன்னொருவர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசாத ஒரு தம்பிகூட அன்று தலையைத் திருப்பி ஏதோ சொன்னான். அதற்கு முன் அவன் குரலை நான் கேட்டதில்லை.

சாகப்போகிறவனைப் பற்றிய படம் அது. உங்கள் பட்டியலில் முதலில் தடை செய்யவேண்டியது அதுதான். அது ஓடிய அன்று எங்களுக்கு நடந்ததை உங்கள் தொகுப்பு இத்தனை நாளில் ஒரு முறையாவது செய்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

சக்கர நாற்காலியில் மலை ஏறியவரைக் காட்டுகிற துண்டு எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. அவர் யார், எப்படி ஏறினார், யார் தூக்கிவிட்டார்கள், வழியில் திட்டினாரா, அழுதாரா, எதுவும் இல்லை. உச்சியில் இருக்கிறார். கீழே, 'உனக்கு என்ன சாக்கு?' என்று எழுத்து. இது எங்களுக்கு நம்பிக்கை தருவதற்காம்! நான் இன்னும் இங்கே படுத்திருப்பது மனவுறுதி போதாததால் என்றுதானே அதற்கு அர்த்தம்? மனவுறுதியால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யாது, உங்களைவிட இது யாருக்குத் தெரியும்? ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் 2014இல் ஒரு மேடையில் இதைப் பற்றிப் பேசினார். அவரே சக்கர நாற்காலியில் இயங்கியவர். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவுதான் சிரித்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்றார். மாற்றுத்திறனாளிகளை மற்றவர்களுக்கு ஊக்க மாத்திரையாக்கிக் காட்டுகிற போக்கை அவர் அந்தப் பேச்சில் பிய்த்து எறிந்தார். உங்கள் தொகுப்பைத் தயாரித்தவர் அதை ஒரு முறை கேட்கட்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நம் தொல்காப்பியம் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகள், எட்டு என்று சொல்லும்போது நகையில் தொடங்குகிறது, அடுத்ததாகவே அழுகையை வைக்கிறது. இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. மனித உள்ளத்தைக் கொண்டாடும் படங்கள் நமக்குத் தருவது பெரும்பாலும் அந்தப் பெருமிதத்தைத்தான். அச்சத்தையும் அழுகையையும் தாண்டாமல் அதற்கு எப்படிப் போய்ச் சேருவது? எட்டில் நகையையும் உவகையையும் வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் எங்களுக்கு ஆகாது என்று நீக்கியிருக்கிறீர்கள். எங்களுக்குப் பத்தியம் சாப்பாட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. எல்லாப் படத்தையும் எல்லோரும் எல்லா நாளும் பார்க்க முடியாது. வீட்டில் ஒரு சாவு நடந்த வாரத்தில் துக்க வீட்டுக் காட்சியை யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள். புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவர்கள் மிரண்டுபோய் இருப்பார்கள், அவர்களுக்கு மருத்துவமனைக் காட்சி வேண்டாம் என்றால் அது நியாயம். வெறும் சிரிப்புப் படத்துக்கும் நான் எதிரி இல்லை. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் 1941இல் எடுத்த 'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்' படத்தில், நாட்டின் துயரத்தைப் பற்றிக் கனமான படம் எடுக்கப் புறப்பட்ட இயக்குநர் ஒருவர் தானே கைதியாகிவிடுகிறார். சங்கிலியில் கட்டிய கைதிகள் ஒரு கார்ட்டூனைப் பார்த்துக் குலுங்கிச் சிரிப்பதையும், அவர்களோடு தானும் சிரிப்பதையும் கண்டு அவர் மனம் மாறுகிறது. எனக்கும் அப்படியான நாட்கள் உண்டு. ஊசி சரியாக இறங்காமல் மறுபடி குத்திய நாளில் எனக்குக் குரோசவா வேண்டாம், யாராவது வழுக்கி விழுந்தால் போதும். ஆனால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை நாங்கள் சொல்கிறோம். முன்பு அப்படித்தான் நடந்தது. ஷிஃப்ட் தொடங்கியதும் டெக்னீசியன் இரண்டு மூன்று படத்தின் பெயரைச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்வார். ஊசி இல்லாத கையைத் தூக்குவோம். அவர் எண்ணிப் பார்த்துப் போடுவார். சத்தத்தைக் குறைத்து வைத்துத் துணைவரிகளைப் பெரிதாக்குவார், மெஷின் கத்தினால் கேட்கவேண்டும் என்பதற்காக. அதில் என்ன குறை இருந்தது?

தொலைக்காட்சியைப் பற்றியும் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் படங்களுக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. 'ஷாஷாங்க்' திரையரங்கில் ஓடவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றும் ஒரு விருதுகூட வாங்கவில்லை. வீட்டில் வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். பிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946இல் வந்தபோது வசூலில் சறுக்கியது. அதன் பதிப்புரிமையை 1974இல் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு அதிகம் கொடுக்காமல் போடலாம் என்று தொலைக்காட்சி நிலையங்கள் வருடா வருடம் ஒளிபரப்ப, ஒரு தலைமுறைக்கே அது சொந்தப் படமாகிவிட்டது. பாலத்திலிருந்து குதித்துச் சாகப் போகிறவனைப் பற்றிய கதை அது. உங்கள் விதிப்படி அதையும் போட முடியாது. சுவரில் மாட்டிய பெட்டி ஒன்று முழுப் படத்தையும் பொறுமையாக ஓடவிட்டதால்தான் இந்தப் படங்களே பிழைத்தன.

எனக்கு இப்போது பார்க்க ஆசையாக இருக்கிற படம் டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி', 1999இல் வந்தது. உண்மைக் கதை. ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுக்காரருக்குக் கண் சரியில்லை, இடுப்பு சரியில்லை, கார் ஓட்ட உரிமம் இல்லை. பல வருடமாகப் பேசாமலிருக்கும் அண்ணனுக்குப் பக்கவாதம் என்று தகவல் வருகிறது. புல் வெட்டுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்து பக்கத்து மாநிலத்துக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த வண்டி நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். வழியில் பழுதாகிறது, மழை வருகிறது, யார் யாரோ வந்து பேசுகிறார்கள். கடைசியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து திண்ணையில் உட்கார்கிறார்கள், அதிகம் பேசவில்லை. ஆல்வினாக நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு அப்போது புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. அந்த வலியோடுதான் வண்டியில் ஏறி இறங்கி நடித்தார். அந்த நடிப்புக்காக 79 வயதில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார், 2000இல் இறந்துபோனார். இந்தப் படத்திலிருந்து வெட்டி எடுக்கத் தோதாக ஒரு வெற்றிக் காட்சிகூட உங்களுக்குக் கிடைக்காது. வாரம் மூன்று முறை மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கவேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு முழுப் படம், அதன் சொந்த ஒலியோடும் படிக்கும்படியான துணைவரிகளோடும் ஓடட்டும். நோய் வருகிறது, சாவு வருகிறது என்பதற்காக மட்டும் எந்தப் படத்தையும் விலக்காதீர்கள். எதைப் போடுவது என்பதை முன்போல அந்த ஷிஃப்டில் படுத்திருப்பவர்கள் கை தூக்கி முடிவு செய்யட்டும். படத்தின் பெயரையும் அது எதைப் பற்றியது என்று இரண்டு வரியையும் முந்தின முறையே சொல்லிவிட்டால், வேண்டாம் என்கிறவர்களைத் திரை தெரியாத பக்கப் படுக்கைக்கு மாற்றிக்கொடுக்கலாம். கடைசி வரிசையில் அப்படி இரண்டு படுக்கைகள் இருப்பது சிஸ்டர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

ஒருவர் அழுதால் படத்தை அணைப்பதா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள், துணைக்கு வந்தவரிடம் கேட்காதீர்கள். நேரம் முடிந்த பிறகும் படம் பார்க்க விரும்புகிறவர் கட்டுப் போட்ட கையோடு சற்று நேரம் உட்கார்ந்திருக்க நாலு நாற்காலி போடுங்கள். அடுத்த ஷிஃப்டுக்காரர்களுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அந்தத் தொகுப்பை எங்கள் பிரிவிலிருந்து முழுவதுமாக நீக்குங்கள். சக்கர நாற்காலிக் காட்சியையும் அதன் அடியில் ஓடும் வரியையும் மருத்துவமனையில் வேறு எங்கும் போடாதீர்கள்.

இதைப் பேசி முடிக்க எங்கள் ஷிஃப்டிலிருந்து இருவர் உங்களை நேரில் சந்திக்க வருகிறோம், அந்தப் பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் ஒரு நாள் கொடுங்கள். எங்களுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாக, முற்பகலாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
பிற்பகல் ஷிஃப்ட் நோயாளி ஒருவர்